இரும்பும் களிமண்ணும் கந்தகமும்

(முள்ளிக்குளத்தில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மன்னாரின் இந்தக் கரையில் பிடிபடும் மீன் கொழும்புக்குப் போய்ச் சேர, மதவாச்சி வழியாக முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணிக்க வேண்டும். அதைச் சுமப்பது டீசல் லொறி. மீனைக் காக்கும் ஐஸ் கட்டி வருவதும் டீசலில். சீமெந்து, அரிசி, யூரியா எல்லாம் டீசலில். கரைவலையை உழவு இயந்திரம் கட்டி இழுக்கும் பாடுகளில் வலையும் டீசலில்தான் கரையேறுகிறது. 2007 செப்டெம்பரில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, 2012க்குப் பிறகு மலங்காட்டிலும் காயாக்குழியிலும் கொட்டில் போட்டு மீண்டும் தொழில் தொடங்கிய மக்களுக்கு ஒரு லீற்றர் எரிபொருளின் பெறுமதியை யாரும் வந்து சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 2022இல் நாடு முழுவதும் எரிபொருள் செட்டுகள் வறண்டன. அந்த ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே பாய்ச்சலில் ஏறியது. படகு வைத்திருந்த எவரும் அந்த நாட்களை மறந்திருக்க மாட்டார்கள்.

எனவே டீசல் எஞ்சினைப் பற்றிப் பேசுவது இந்தக் கரைக்கு அந்நியமான பேச்சு அல்ல. குறைவாகக் குடித்து, குறைவாகப் புகைவிடும் லொறி எப்படி உருவாகிறது, அதற்குள் என்னென்ன புதுப் பொருட்கள் இருக்கின்றன, அந்த லொறி ஏன் இன்னும் மன்னார் வீதிகளில் சரியாக ஓட முடியாமல் இருக்கிறது என்பதே இன்றைய பேச்சு.

முதலில் ஜெர்மனிக்குப் போக வேண்டும். ருடோல்ப் டீசல் 1893இல் தன் எஞ்சினுக்குக் காப்புரிமை பெற்றபோது, காகிதத்தில் அவர் எழுதிய அழுத்தம் 250 வளிமண்டலம். காற்றை அவ்வளவு இறுக்கினால் எரிபொருள் தானே தீப்பிடிக்கும், வெப்பத்தில் பெரும்பங்கு வேலையாக மாறும் என்பது அவர் கணக்கு. ஆனால் அந்த அழுத்தத்தைத் தாங்கும் இரும்பு அன்று உலகில் இல்லை. 1893 ஓகஸ்ட் 10ஆம் திகதி ஆக்ஸ்பர்க் நகரில் நடந்த முதல் சோதனையிலேயே அழுத்தம் அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. டீசல் தன் இலக்கைப் படிப்படியாக இறக்கி, முப்பது நாற்பது வளிமண்டலத்துக்கு வந்து நின்றார். அப்படி இறக்கிய பிறகும், 1897 பெப்ரவரியில் மியூனிக் பேராசிரியர் மொரிட்ஸ் ஷ்ரோட்டர் அளந்து பார்த்தபோது எஞ்சினின் செயல்திறன் 26.2 சதவீதம். அக்காலத்து நீராவி எஞ்சின்கள் பெரும்பாலும் 10 சதவீதத்தைச் சுற்றியே நின்றன.

இன்றைய பெரிய லொறி எஞ்சின்களில் உருளைக்குள் எழும் உச்ச அழுத்தம் 200 பாரைத் தாண்டிவிட்டது. சில 250ஐத் தொடுகின்றன. ஒரு பார் என்பது ஏறக்குறைய ஒரு வளிமண்டலம். டீசல் காகிதத்தில் எழுதிய எண்ணை எட்ட மனிதருக்கு நூறாண்டுக்கு மேல் பிடித்திருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் பௌதிக விதிகள் மாறவில்லை. வார்ப்பிரும்பு மாறியது, உருக்கு மாறியது, களிமண் மாறியது.

2010இல் அமெரிக்க எரிசக்தித் துறை சுப்பர்ட்ரக் என்ற திட்டத்தைத் தொடங்கியது. லொறி எஞ்சின் 50 சதவீதச் செயல்திறனைத் தொட வேண்டும் என்பது இலக்கு. கமின்ஸ்–பீட்டர்பில்ட் குழுவும் டைம்லர் குழுவும் சில ஆண்டுகளில் அதைத் தாண்டின. சீனாவின் வெய்ச்சாய் நிறுவனம் 2020இல் 50.23 சதவீதத்தையும் 2024 ஏப்ரலில் 53.09 சதவீதத்தையும் அறிவித்தது. வீதியில் ஓடும் நல்ல லொறிகள் 40க்கும் 45க்கும் இடையில் இருக்கின்றன. எரித்த டீசலில் பாதிக்கு மேல் இன்னமும் சைலன்சர் வழியாகவும் ரேடியேற்றர் வழியாகவும் வெறும் சூடாகவே வெளியேறுகிறது.

இந்தச் சதவீதங்கள் பணப்பையில் என்ன செய்யும்? லீற்றருக்கு 4 கிலோமீற்றர் ஓடும் லொறி 300 கிலோமீற்றருக்கு 75 லீற்றர் குடிக்கும். எஞ்சினின் செயல்திறன் 40இலிருந்து 44க்கு உயர்ந்தால் அதே பயணத்துக்கு ஏறக்குறைய 7 லீற்றர் மிச்சம். கொழும்புக்கு ஒரு தடவை போவதற்கே 7 லீற்றர். வருடம் முழுக்க ஓடும் கூலர் லொறிக்காரர் இதை மனக்கணக்காகவே போட்டுவிடுவார்.

அழுத்தம் கூடினால் முதலில் அடிவாங்குவது எஞ்சின் பிளொக். நெடுங்காலம் அது சாம்பல் வார்ப்பிரும்பால் ஆனது. அந்த இரும்புக்குள் கிராபைட் எனப்படும் காரீயம் மெல்லிய செதில்களாகப் படிந்திருக்கும். நம் நாட்டின் போகலையிலும் கஹட்டகஹவிலும் தோண்டி எடுக்கும் அதே காரீயம்தான். இங்கே உருகிய இரும்பிலிருந்த கார்பன் ஆறும்போது செதிலாகப் பிரிகிறது. ஒவ்வொரு செதிலும் இரும்புக்குள் இருக்கும் ஒரு சிறு வெடிப்பு போலவே நடந்துகொள்ளும். இழுத்தால் அங்கேதான் பிளக்கத் தொடங்கும்.

உருகிய இரும்பில் மிகச் சிறிதளவு மக்னீசியம் கலந்தால் அந்தச் செதில்கள் தடித்து, சுருண்டு, புழுக்கள் ஒன்றோடொன்று பின்னிய வடிவத்துக்கு வருகின்றன. இந்த இரும்பின் இழுவை வலிமை பழையதைவிட ஏறக்குறைய முக்கால் பங்கு அதிகம். திரும்பத் திரும்ப அடிபட்டுத் தாங்கும் வலிமை ஏறக்குறைய இரு மடங்கு. அதே பலத்துக்குச் சுவர் மெலிந்த, பாரம் குறைந்த பிளொக் வார்க்கலாம். விஷயம் 1940களின் இறுதியிலேயே தெரிந்ததுதான். ஆனால் தொழிற்சாலையில் செய்ய முடியாமல் அரை நூற்றாண்டு கிடந்தது. மக்னீசியம் 0.001 சதவீதம் குறைந்தாலே இரும்பு பழைய செதில் வடிவத்துக்குத் திரும்பிவிடும். சுவீடனின் சின்டர்காஸ்ட் நிறுவனம் வார்ப்பதற்குச் சற்று முன் உருகிய இரும்பில் ஒரு கரண்டி எடுத்து, அது ஆறும் விதத்தை அளந்து, குறையை அந்த இடத்திலேயே திருத்தும் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் லட்சக்கணக்கான பிளொக்குகளை வார்க்க முடிந்தது. நெதர்லாந்தின் டாஃப் நிறுவன லொறிகளின் எம்எக்ஸ் எஞ்சின் அந்த இரும்பில் வார்க்கப்பட்டது. புதிய பொருளைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை. அதை ஒவ்வொரு வார்ப்பிலும் தவறாமல் செய்வது அதைவிடப் பெரிய வேலை. இரண்டாவது வேலையைச் செய்பவர்களின் பெயர் பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை.

பிஸ்டனும் இதே வழியில் மாறியது. இலேசானது என்பதால் நெடுங்காலம் அலுமினியம் ஆண்டது. சென்னை செம்பியத்தில் 1949இல் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ் தென்னாசியாவின் எத்தனையோ எஞ்சின்களுக்கு அலுமினியப் பிஸ்டன்களை வார்த்துக் கொடுத்திருக்கிறது. அழுத்தமும் வெப்பமும் ஏறியபோது அலுமினியம் தளர்ந்தது. பெரிய லொறி எஞ்சின்கள் உருக்குப் பிஸ்டனுக்கு மாறின. உருக்குப் பிஸ்டன் உயரம் குறைந்தது. அதற்குள்ளே எண்ணெய் சுழன்று சூட்டை எடுக்கிறது.

சூட்டை வெளியே விடாமல் உள்ளேயே பூட்டி வைத்தால் என்ன என்று கேட்டவர்களும் உண்டு. 1970களின் இறுதியிலும் 80களிலும் அமெரிக்க இராணுவத்தின் வால்டர் பிரைசிக்கும் கமின்ஸ் நிறுவனத்தின் ரோய் காமோவும் எஞ்சினின் உட்புறத்தை செரமிக் கொண்டு மூடி, ரேடியேற்றரே இல்லாத ஐந்து தொன் இராணுவ லொறியை ஓட்டிக் காட்டினார்கள். தண்ணீர் இல்லாமல் லொறி ஓடியது! ஆனால் எதிர்பார்த்த மிச்சம் கிடைக்கவில்லை. எப்போதும் பழுக்கச் சூடாக இருந்த சுவர், உள்ளே வந்த காற்றையும் சூடாக்கி விரித்துவிட்டது. உருளைக்குள் நுழையும் காற்றின் அளவு குறைந்தது. எண்ணெய் கருகியது. செரமிக் பாகங்கள் வெடித்தன. பூட்டி வைத்த சூட்டில் பெரும்பகுதி வேலையாக மாறாமல் புகையோடு போனது.

அந்தத் தோல்வி வீண் போகவில்லை. 2015இல் டொயோட்டா தன் 2.8 லீற்றர் டீசல் எஞ்சினின் பிஸ்டன் தலையில் ஒரு மெல்லிய பூச்சைப் போட்டது. அலுமினியத்தின் மேற்பரப்பில் நுண்துளைகளை உண்டாக்கி, அவற்றை சிலிக்காவால் உறுதியாக்கிய படலம் அது. எரியும் கணத்தில் சட்டென்று சூடேறும்; காற்று வரும் கணத்தில் சட்டென்று ஆறிவிடும். வெடிப்பின்போது சூடு சுவருக்குள் இறங்குவதும் குறைகிறது, காற்றும் விரிவதில்லை. எரியும்போது சுவர் வழியே இழக்கும் வெப்பம் 30 சதவீதம் வரை குறைந்ததாக டொயோட்டா சொன்னது. எஞ்சினின் உச்சச் செயல்திறன் 44 சதவீதம். அந்த எஞ்சின் ஹைலக்ஸ் வண்டிகளில் வந்தது. மன்னார் வீதியில் ஒரு புது ஹைலக்ஸ் கடந்து போகும்போது, முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய தோல்வியிலிருந்து பிறந்த அந்தப் படலம் அதற்குள் இருக்கலாம்.

இனிப் புகைக்கு வருவோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 ஜூனில் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வரிசையில் சேர்த்தது. சிகரெட் புகையும் அஸ்பெஸ்டசும் இருக்கும் அதே வரிசை. லொறிக்குப் பின்னால் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை சுவாசிப்பது இதைத்தான்.

அந்தப் புகையில் முக்கியமாக இரண்டு கேடுகள் உண்டு. ஒன்று கண்ணுக்குத் தெரியும் கரிப்புகை. மற்றது கண்ணுக்குத் தெரியாத நைதரசன் ஒட்சைட்டுகள். எஞ்சினை நன்றாகச் சூடாக எரித்தால் கரி குறையும், நைதரசன் ஒட்சைட்டு கூடும். குளிர எரித்தால் மறுபக்கம். எண்பதுகளிலிருந்து எஞ்சின் பொறியியலாளர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மாட்டிக்கொண்டு நின்றார்கள். வெளியேறும் புகையை வடிகட்டியும் வேதிமுறையில் மாற்றியும் சுத்தம் செய்யும் பொருட்கள் கைக்கு வந்த பிறகே எஞ்சினைத் துணிந்து சூடாக எரிக்க முடிந்தது. சிக்கனமும் சுத்தமும் ஒன்றையொன்று வெட்டாத நிலை அப்போதுதான் வந்தது.

இந்த மாற்றத்தின் தொடக்கத்தில் இருப்பது களிமண். அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனத்தில் ரொட்னி பாக்லி, இர்வின் லாக்மன், ரொனால்ட் லூயிஸ் என்ற மூவர் 1970களின் தொடக்கத்தில் கோர்டியரைட் என்ற செரமிக்கில் தேன்கூட்டு வடிவக் கட்டிகளை உருவாக்கினார்கள். களிமண், டல்க், அலுமினா ஆகியவற்றைக் குழைத்து, அச்சின் வழியே பிதுக்கிச் சூளையில் சுட்டால் கிடைப்பது. சூடேறினாலும் அது கிட்டத்தட்ட விரிவதே இல்லை. அதனால் வெடிப்பதும் இல்லை. முதலில் அது பெற்றோல் கார்களுக்கே போனது. பிறகு அந்தத் தேன்கூட்டின் குழல்களை ஒன்றுவிட்டு ஒன்றாக அடைத்துவிட்டார்கள். ஒரு குழலுக்குள் போகும் புகை, நுண்துளைச் சுவரை ஊடுருவித்தான் அடுத்த குழலுக்குப் போக முடியும். கரி சுவரிலேயே தங்கிவிடும். இதுதான் டீசல் வடிகட்டி. கரிப்புகையில் இருபதில் பத்தொன்பது பங்குக்கு மேல் இதற்குள் நிற்கிறது.

கரைவலையின் மடி போன்றது இந்த வடிகட்டி. பட்டது தங்கும், தங்கியதை வெளியே எடுக்காவிட்டால் அடுத்த இழுவைக்கு உதவாது. கரியை வெளியே எடுப்பது என்றால் எரிப்பது. சாதாரணமாக அது எரிய 600 பாகை செல்சியஸ் வேண்டும்; லொறியின் புகை அவ்வளவு சூடாக இருப்பதில்லை. இங்கிலாந்தின் ஜோன்சன் மத்தி நிறுவனம் ஒரு வழி கண்டது. வடிகட்டிக்கு முன்னால் பிளாட்டினம் பூசிய ஒரு கட்டியை வைத்து, புகையிலிருக்கும் நைதரசன் ஒட்சைட்டையே நைதரசன் ஈரொட்சைட்டாக மாற்றினால், அது 300 பாகையை ஒட்டிய சூட்டிலேயே கரியை எரித்துவிடுகிறது. ஒரு கேட்டைக் கொண்டே இன்னொரு கேட்டை ஒழிக்கும் வழி. 2000ஆம் ஆண்டு பிரித்தானியாவின் மக்ரொபர்ட் பொறியியல் பரிசு இதற்குக் கிடைத்தது. அதே ஆண்டு பிரான்சின் பேஜோ, ஜப்பானின் இபிடன் செய்த சிலிக்கன் காபைட் வடிகட்டியைத் தன் 607 காரில் பொருத்தி, எரிபொருளோடு சீரியம் சேர்த்து கரியை எரித்தது.

வேறு சில லொறிகளில் கரியை எரிக்க ஒரு சிறு பர்னரே வைக்கப்படுகிறது. அதன் கூடு வெந்து உருக்குலையாமல் இருக்க, அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுகூடமும் கட்டர்பிலரும் சேர்ந்து சிஎப்8சி-பிளஸ் என்ற வார்ப்பு உருக்கைச் செய்தன. பழைய துருப்பிடிக்காத உருக்கில் மங்கனீசையும் நைதரசனையும் அளந்து கூட்டியதே பெரும்பாலும் செய்தது. வார்த்த பிறகு வேறு சூட்டுப் பதமாக்கல் தேவையில்லை. அதனால் விலையும் கட்டுக்குள். 2007 வாக்கில் அது வீதியில் ஓடும் லொறிகளுக்குள் போய்விட்டது.

இலங்கைச் சாரதிகளுக்கு இந்த வடிகட்டி புதிதல்ல. ஜப்பானிலிருந்து வந்த இசுசு எல்ப் லொறியின் டாஷ்போர்டில் டிபிடி என்று ஒரு விளக்கு எரியும். எரிந்தால் வண்டியை ஓரமாக நிறுத்தி, பொத்தானை அழுத்தி, கரி எரிந்து முடியும்வரை காத்திருக்க வேண்டும். அவசரத்தில் பலர் காத்திருப்பதில்லை. கரி குவிந்து, எஞ்சின் இழுவை குறைந்து, கடைசியில் கராஜில் உள்ளே இருக்கும் செரமிக்கை உடைத்துக் கொட்டிவிட்டு வெறும் கூட்டைத் திரும்பப் பூட்டுவது உலகெங்கும் நடக்கிறது. அப்படிப்பட்ட லொறி பழைய லொறியைவிடச் சிறிதும் மேலானதல்ல. 2008இலிருந்து இந்த நாட்டில் நடக்கும் வருடாந்தப் புகைப் பரிசோதனையில் டீசல் வண்டியின் புகை எவ்வளவு கருமை என்பது மட்டுமே அளக்கப்படுகிறது. நைதரசன் ஒட்சைட்டை அந்தக் கருவி பார்ப்பதே இல்லை.

நைதரசன் ஒட்சைட்டை அழிக்க யூரியா வேண்டும். வயலுக்குப் போடும் யூரியாவின் தூய வடிவம், தண்ணீரில் 32.5 சதவீதம். சூடான புகையில் தெளித்தால் அது அமோனியாவாகிறது. அமோனியாவும் நைதரசன் ஒட்சைட்டும் ஒரு ஊக்கியின் மேல் சந்தித்து, வெறும் நைதரசனாகவும் நீராவியாகவும் பிரிந்துபோகின்றன. முதலில் வந்த ஊக்கி டைட்டேனியம் ஈரொட்சைட்டின் மேல் வனேடியம். பின்னர் வந்தது செப்பு ஏற்றிய சியோலைட். 1980களில் கலிபோர்னியாவின் செவ்ரன் ஆய்வுகூடத்தில் ஸ்டேசி சோன்ஸ் உருவாக்கிய எஸ்எஸ்இசட்-13 என்ற அந்தப் பளிங்கின் துளைகள் மிகச் சிறியவை. கொதிக்கும் நீராவியிலும் அதன் கூடு கலையாது. கண்டுபிடிக்கப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்தே அது லொறிக்கு வந்தது.

யூரியாவையே நம்பி ஓடுவதில் ஓர் ஆபத்து உண்டு. 2021இன் இறுதியில் சீனா ஏற்றுமதியை இறுக்கியபோது தென்கொரியாவின் லொறிகள் யூரியாக் கரைசலுக்கு வரிசையில் நின்றன. அதே 2021இல் இரசாயன உரத் தடையால் முருங்கன் பக்கத்து விவசாயிகள் பட்ட பாடு இந்தப் பிரதேசத்துக்கு நேரடியாகத் தெரியும். வயலுக்கும் லொறிக்கும் ஒரே பொருள் தேவைப்படும் காலத்தில், அதைத் தொடர்ந்து கிடைக்கச் செய்வது அரசின் கடமை.

இங்கே மன்னார் மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. மேலே சொன்ன டைட்டேனியம் ஈரொட்சைட்டு இல்மனைட்டிலிருந்தும் ரூட்டைலிலிருந்தும் வருகிறது. வெப்பத் தடுப்புப் பூச்சுகளில் வரும் சிர்கோனியா, சிர்கன் மணலிலிருந்து வருகிறது. சீரியத்தின் மூலம் மொனசைட். புல்மோட்டையிலும் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் இவற்றில் சிலவற்றைப் பல பத்தாண்டுகளாக அள்ளுகிறார்கள். மன்னார்த் தீவில் இல்மனைட் அகழும் முயற்சியை மக்கள் எதிர்த்து நிற்கிறார்கள். அந்த எதிர்ப்பு நியாயமானது. கடல் மட்டத்திலிருந்து சில அடிகளே உயர்ந்த தீவில் மணலை எடுத்தால் நன்னீர்க் கிணறு உப்பாகும். உலகில் விற்கப்படும் டைட்டேனியம் ஈரொட்சைட்டில் பெரும்பகுதி பெயின்டுக்கே போகிறது. லொறியின் புகைக் குழாய்க்குப் போவது மிகச் சிறிய பங்கு. சுத்தமான லொறியின் பெயரைச் சொல்லி ஒரு தீவைக் குழியாக்க எவருக்கும் உரிமை இல்லை.

இனி இந்தப் பேச்சின் மையத்துக்கு வருவோம். இவ்வளவு அருமையான பொருட்களையும் ஒரே ஒரு பொருள் கெடுத்துவிடும். அது கந்தகம்.

டீசலில் இருக்கும் கந்தகம் எரிந்து கந்தக ஈரொட்சைட்டாகிறது. பிளாட்டினத்தின் மேல் பட்டதும் அது இன்னொரு படி ஏறி, நீராவியோடு கலந்து சல்பூரிக் அமிலமாகிறது. கரியைக் குறைக்க வைத்த பிளாட்டினமே சல்பேற்றுத் துகள்களை உண்டாக்கத் தொடங்கும். சியோலைட்டில் இருக்கும் செப்பைக் கந்தகம் பற்றிக்கொள்ளும். விடுவிக்க 500 பாகைக்கு மேல் சூடேற்ற வேண்டும். புகையின் ஒரு பகுதியைக் குளிரவைத்து எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் குழாயில் அமிலம் ஒடுங்கி உருக்கை அரிக்கும். ஆகவேதான் ஐரோப்பாவும் இந்தியாவும் முதலில் டீசலைச் சுத்தம் செய்துவிட்டு, அதன் பிறகு லொறியைச் சுத்தம் செய்தன.

இரண்டு சுத்திகரிப்பு ஆலைகளின் கதையைப் பார்த்தால் இது விளங்கும். சென்னை மணலி ஆலை 1969இல் இயங்கத் தொடங்கியது. ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம் அதில் பங்காளி. கொழும்புக்கு அருகே சப்புகஸ்கந்த ஆலையும் அதே 1969இல்தான் தொடங்கியது. அதுவும் ஈரானின் மசகு எண்ணெய்க்கு ஏற்ப வடிவமைக்கப்பட்டது. ஒரே வயதுடைய இரு ஆலைகள், நடுவில் ஒரு கடல்.

இந்தியாவில் 2017 மார்ச் 29ஆம் திகதி உச்ச நீதிமன்றம் பாரத் 3 என்ற பழைய புகைத் தரத்தில் செய்த வண்டிகளை ஏப்ரல் 1க்குப் பின் விற்கத் தடை விதித்தது. கம்பனிகளின் களஞ்சியங்களில் அப்போது எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் நின்றன. அரசு அத்தோடு நிற்கவில்லை. பாரத் 5ஐ முழுவதுமாகத் தாண்டி 2020 ஏப்ரல் 1ஆம் திகதி நேராகப் பாரத் 6க்குப் போனது. டீசலில் அனுமதிக்கப்பட்ட கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காக இறங்கியது. மணலி உள்ளிட்ட ஆலைகள் ஐதரசனைக் கொண்டு, உயர் அழுத்தத்தில், கோபால்ட்–மொலிப்டினம் போன்ற ஊக்கிகளின் மேல் டீசலைச் செலுத்திக் கந்தகத்தைப் பிரித்தெடுக்கின்றன. சுத்தமான லொறிக்கு வேண்டிய முதல் உயர்தரப் பொருள் அந்த ஊக்கிதான். அது லொறிக்குள் இல்லை, ஆலைக்குள் இருக்கிறது.

அந்த டீசல் வந்ததால்தான் எண்ணூரில் 1948இல் பிறந்த அசோக் லேலண்ட், வடிகட்டியும் யூரியாவும் சேர்ந்த லொறிகளை இந்திய வீதிக்கு விட முடிந்தது. அதே லேலண்ட், 1982இல் உருவான லங்கா அசோக் லேலண்ட் என்ற பெயரில் பானகொடையில் லொறி பூட்டுகிறது. கோமெட் லொறியை அறியாத இலங்கைச் சாரதி இல்லை. ஆனால் எந்த நாட்டுக்கு எந்த டீசலோ, அந்த நாட்டுக்கு அந்தத் தர லொறியைத்தான் எந்தக் கம்பனியும் அனுப்பும். பத்துப் பங்கு கந்தகத்துக்காகச் செய்த ஊக்கியைக் கந்தகம் நிறைந்த டீசலில் ஓட்டி, உத்தரவாதம் கொடுக்க எவரும் துணியமாட்டார்கள்.

சப்புகஸ்கந்த அந்த மாற்றத்தைக் காணவில்லை. 2021 நவம்பரில் மசகு எண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் ஆலையே தற்காலிகமாக மூடப்பட்டது. 2018இல் யூரோ 4 என்ற ஐரோப்பியத் தரத்தில் சுப்பர் டீசல் விற்பனைக்கு வந்தது உண்மை. ஆனால் அது விலை கூடிய டீசல்; லொறிக்காரர் நிரப்புவது பெரும்பாலும் கந்தகம் அதிகமுள்ள ஒட்டோ டீசலையே. 2025 ஜனவரியில் அம்பாந்தோட்டையில் 3.7 பில்லியன் டொலர் செலவில் புதிய சுத்திகரிப்பு ஆலை கட்ட சீனாவின் சினோபெக்குடன் உடன்படிக்கை கையெழுத்தானது. அந்த ஆலையின் டீசல் யாருக்கு, எந்தத் தரத்தில் என்று கேட்க வேண்டிய நேரம் ஆலை கட்டி முடிந்த பிறகு அல்ல, இப்போது.

சிலர் கேட்கக்கூடும்: மன்னாரில் காற்றாலைகள் சுழல்கின்றன, நாளை மின்சார லொறி வரும், பிறகு எதற்கு டீசல் பேச்சு? காற்றாலை மின்சாரம் வரட்டும், மின்சார லொறியும் வரட்டும். ஆனால் இந்த நாட்டில் ஒரு லொறி இருபது முப்பது ஆண்டுகள் ஓடும். ஐந்து ஆண்டுத் தடைக்குப் பின் 2025 தொடக்கத்தில் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டபோது வந்திறங்கிய டீசல் லொறிகள், இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் பிறந்த பின்னும் மதவாச்சி வீதியில் ஓடிக்கொண்டிருக்கும்.

அதனால் செய்ய வேண்டியவை உண்டு. லொறியோ, டிமோ பட்டா எனப்படும் சிறு வண்டியோ, பழையதை வாங்குபவர்கள் ஆண்டையும் விலையையும் மட்டும் கேட்காதீர்கள். யூரோ எத்தனை என்று கேளுங்கள்; வடிகட்டி இருக்கும் வண்டி என்றால் அதற்குள் செரமிக் இருக்கிறதா, வெறும் கூடா என்று கழற்றிப் பாருங்கள். வடிகட்டி உள்ள லொறிக்குச் சுப்பர் டீசல்தான். எஞ்சின் எண்ணெய் டின்னில் சிஜே-4 அல்லது சிகே-4 என்று இருக்க வேண்டும். சாம்பல் அதிகம் விடும் மலிவு எண்ணெய் வடிகட்டியை அடைக்கும், அந்தச் சாம்பலை எந்தச் சூட்டாலும் எரிக்க முடியாது. பரலில் வாங்கிய டீசலில் தண்ணீர் இருக்கலாம். தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தைத் தவறாமல் திறந்து விடுங்கள். இன்றைய இன்ஜெக்டர் 2000 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் டீசலைப் பீச்சுகிறது. அதன் ஊசிக்கும் உறைக்கும் இடைவெளி சில மைக்ரோன். வைரம் போன்ற கார்பன் பூச்சுப் போட்ட ஊசியையும் தண்ணீர் அரித்துவிடும்.

கூட்டுறவுச் சங்கங்களும் லொறிச் சங்கங்களும் கேட்க வேண்டியது இன்னொன்று. நாட்டில் விற்கப்படும் டீசல் முழுவதும், சுப்பர் என்றும் ஒட்டோ என்றும் பேதமில்லாமல், பத்து லட்சத்தில் 10 பங்கு கந்தகத்துக்கு இறங்கும் திகதியை அரசு அறிவிக்க வேண்டும். இந்தியா திகதியை முதலில் அறிவித்தது; ஆலைகளும் லொறிக் கம்பனிகளும் அதற்குள் வந்து சேர்ந்தன. கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம், வட மாகாணச் செட்டுகளில் விற்கும் டீசலின் கந்தக அளவை மாதந்தோறும் அளந்து வெளியிடும் வேலையை ஏற்க வேண்டும். அளவு வெளியே தெரியாதவரை எந்தக் கோரிக்கைக்கும் பலம் இல்லை. மாணவர்களே, அந்த ஆய்வுகூடத்துக்கு முதல் போத்தல் டீசலை மன்னாரிலிருந்து எடுத்துச் செல்லுங்கள்.